கவசம் தைத்த இசபெல்

"கைய தூக்கு. பின்னால கூடையில கொழுந்த எறியிற மாதிரி எறி. ம்... இப்பக் குனி. மூச்ச நல்லா இழு."

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே இசபெல் இவ்வளவையும் சொல்லிவிடுவாள். சட்டை தைக்க வந்த பெண், கொட்டகலைக் கடைவீதி முழுக்கப் பார்க்க, நஜீம் முதலாளியின் துணிக்கடை வாசலில் நின்று, இல்லாத கூடைக்குள் இல்லாத கொழுந்தை எறிவாள். வெட்கத்தில் முகம் சிவக்கும். இசபெலுக்கு அதெல்லாம் கணக்கில்லை. அவள் பார்ப்பது அக்குளை. அங்கே துணி எவ்வளவு இழுபடும் என்று தெரிந்த பிறகுதான் கழுத்தில் கிடக்கும் அளவு நாடா கீழே இறங்கும்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டை உருவம், கனத்த குரல். பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள்தான். ஒரு மழை நாளில் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு பிசகியதிலிருந்து இடது காலை இழுத்து நடக்கிறாள். நுவரெலியாவில் கன்னியர் மடத்துக்குப் போய்த் தையல் படித்தாள். திரும்பி வரும்போது மடத்திலிருந்து ஒரு பழைய கால் மெஷினும் கூடவே வந்தது. கடைவீதியில் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள். "பொம்பள வாசல்ல ஒக்காந்து தைக்கிறதா?" என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். நஜீம் முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. இசபெல் வலது காலால் மட்டும் மிதித்து மெஷினை ஓட்டுகிறாள். பக்கத்தில் எப்போதும் ஒரு கிளாஸ் பிளேன்டீ ஆறிக்கொண்டிருக்கும். சூடாகக் குடித்து யாரும் பார்த்ததில்லை.

இப்படி ரவிக்கையும் பள்ளிக்கூடச் சீருடையும் தைத்துக்கொண்டிருந்தவள், எழுபத்தொன்பதாம் ஆண்டு மாதா திருநாளுக்கு ஒரு ராணிக்குப் போர்க்கவசம் தைத்தாள்.

தோட்டப் பள்ளிக்கூடத்து லோரன்ஸ் மாஸ்டர் திருநாளுக்கு ஆண்டுதோறும் ஒரு நாடகம் எழுதுவார். அந்த ஆண்டு 'முகில்கோட்டை ராணி'. எங்கும் இல்லாத ஒரு மலைநாடு. அதன் பாதைகளையெல்லாம் விழுங்கிக்கொண்டு வருகிறான் ஒரு பனியரக்கன். ராணி தனியாக இறங்கி அவனோடு வாள் சுழற்றுகிறாள். வழக்கமாக ராணி வேடம் அந்தோனிமுத்துவுக்குத்தான். மீசையை எடுத்து, பவுடர் பூசி, நெஞ்சில் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைக் கட்டிக்கொண்டு வருவான். முந்தின ஆண்டு உருக்கமான கட்டத்தில் ஒரு சிரட்டை நழுவி வயிற்றுக்கு வந்துவிட்டது. ஊரே சிரித்த சிரிப்பில் நாடகம் அதோடு முடிந்தது. மாஸ்டருக்கு மனம் நொந்துபோயிற்று. இந்தத் தடவை ஒரு பெண்ணே நடிக்கட்டும் என்று முடிவெடுத்தார். கோயில் பாட்டுக்காரி மார்கிரட், கொழுந்துக்காரி, கைக்குழந்தைக்காரி, சரி என்றாள். அவள் புருஷன் மத்தியாஸ் அரை மனதோடு தலையாட்டினான்.

மாஸ்டர் ஒரு வெளிநாட்டுச் சித்திரப் புத்தகத்தைக் கொண்டுவந்து இசபெலின் மெஷின் மேல் விரித்தார். கையில் வாளோடு ஒரு பெண். நெஞ்சில் இரண்டு இரும்புக் கிண்ணம், இடுப்பில் ஒரு இரும்புப் பட்டை. நடுவில் வயிறு, கீழே தொடை, எல்லாம் திறந்த வெளி.

இசபெல் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்தாள்.

"மாஸ்டர், இவ சண்டைக்குப் போறாளா, குளிக்கப் போறாளா?"

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். "இப்பிடியே வேணாங்க. ஆனா பாக்கிறப்ப ராணின்னு தெரியணும். அவ்வளவுதான்."

"தெரியும், தெரியும். போயிட்டு வாங்க."

துணிக்கடைக்குச் சரக்கு வந்த பழைய தேயிலைப் பெட்டிகள் பின்கட்டில் கிடந்தன. அவற்றின் ஓரத்துத் தகரப் பட்டைகளை இசபெல் பிடுங்கினாள். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்தாள். பட்டைகளை வரிசையாகச் சாக்கில் வைத்துத் தைத்து, ஈயத்தாளை மேலே ஒட்டி, கழுத்திலிருந்து முட்டி வரை ஒரு கவசமும் அதோடு சேர்த்து ஒரு தலைக்கவசமும் செய்தாள். குண்டு பட்டாலும் துளைக்காது என்று நஜீம் முதலாளியிடம் பெருமை பேசினாள்.

மார்கிரட் அதைப் போட்டுக்கொண்டு கடைக் கண்ணாடி முன் நின்றாள். முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தாள்.

"என்னா, பிடிக்கலயா?"

"அக்கா... கோவிச்சுக்காதீங்க. தேயிலப் பெட்டிக்குத் தல மொளச்ச மாதிரி இருக்கு. இதுல நான் பொம்பளயாவே இல்லயேக்கா. பெட்டியாட்டம் நிக்கிறதுன்னா அந்தோனிமுத்து அண்ணனே நின்னுருக்கலாமே."

இசபெலுக்குச் சுருக்கென்றது. கவசத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். அன்று முழுக்க யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலையில் வேண்டா வெறுப்பாகத் தகரத்தைத் தட்டி இரண்டு மேடு எழுப்பினாள். சித்திரப் புத்தகத்தில் இருந்ததைவிடச் சின்னவை. இடுப்பை உள்ளே பிடித்தாள். மார்கிரட்டுக்குச் சந்தோஷம். மாஸ்டருக்கும் சந்தோஷம். தைத்தவளுக்கு மட்டும் எதுவோ உறுத்தியது. அது என்னவென்று பிடிபடவில்லை.

ஒத்திகையில் பிடிபட்டது. பனியரக்கனாக நடித்த அழகன் தேயிலை ஆலையில் வேலை செய்பவன். பனைமரம் மாதிரி இருப்பான். சிலம்பம் பழகிய கை. மெதுவாக அடிக்கத் தெரியாது. மரவாளை ஓங்கி வீசினான். வாள் இடது மேட்டில் பட்டு, சறுக்கி, இரண்டு மேட்டுக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில் இறங்கி, நடு நெஞ்சில் இடித்தது. மார்கிரட் மூச்சு அடைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழகன் வாளைத் தூக்கி எறிந்துவிட்டு, "ஐயோ தங்கச்சி, ஐயோ தங்கச்சி" என்று அவளைச் சுற்றிச் சுற்றி ஓடினான்.

கூட்டத்திலிருந்து மத்தியாஸ் வந்தான். மனைவியைக் கைத்தாங்கலாக எழுப்பினான். "நாடகமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வா வீட்டுக்கு" என்றான். மார்கிரட் அழுதுகொண்டே போனாள். வலியில் அழுததாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். அந்தோனிமுத்து மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து இசபெல் காலை இழுத்து இழுத்து, மார்கிரட் குடியிருந்த மேட்டு லயத்து வரிசை வீடுகளுக்கு ஏறினாள். நல்ல மழை. மத்தியாஸ் பலகை போட்டு உட்கார வைத்தான், தேத்தண்ணி கொடுத்தான். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் பேச்சில் இறங்கி வரவில்லை.

"நீங்க நெனச்ச மாதிரி இல்லக்கா. பொம்பள மேட ஏறுறது எனக்குக் கொறச்சல் இல்ல. ஊரு பேசுனா பேசிட்டுப் போவுது. பால் குடிக்கிற புள்ள இருக்கு. அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்னா செய்வேன்?"

இசபெல் மார்கிரட்டைப் பார்த்தாள். அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள்.

"ஒனக்கு என்னாடி வேணும்?"

"எனக்கு நடிக்கணும்க்கா" என்றாள் மார்கிரட், சுவரைப் பார்த்தபடியே. "அவன் வாள நான் தட்டிவிடுறேன் பாருங்க, அந்த எடத்துல எனக்கு ஒடம்பே வேற மாதிரி ஆயிருது. எனக்கு அது வேணும்."

தகரக் கூரையில் மழை இடித்துக்கொண்டிருந்தது. இசபெல் வாசல் வழியே எதிர் லயத்துக் கூரையைப் பார்த்தாள். எவ்வளவு மழை கொட்டியும் கூரையில் ஒரு சொட்டுத் தங்கவில்லை. நடு முகட்டில் விழுந்ததெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து ஓடியது. வெகு நேரம் அதையே பார்த்திருந்தாள். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"எனக்கு ஒரு வாரம் குடு மத்தியாஸ். அதுக்கப்புறம் நீ வேணான்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

இந்தத் தடவை அவள் தகரத்தில் தொடங்கவில்லை, மார்கிரட்டிடம் தொடங்கினாள். அவள் மலையில் நிற்கும்போது உடை நனையாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கை எப்படிச் சுற்றிக் கட்டுகிறாள், முன்னால் எங்கே மடிப்பு விழுகிறது, கால் எட்டி வைக்க எங்கே இடம் விடுகிறாள் என்று கேட்டுக் கேட்டுத் தைத்தாள். நெஞ்சுத் தகட்டில் மேடு பள்ளம் இல்லை. கழுத்துக் குழியிலிருந்து இடுப்பு வரை நடுவில் ஒரே முகடு. அங்கிருந்து இரண்டு பக்கமும் சரிவு. உள்ளே பழைய கம்பளியை வெட்டி மெத்தையாக வைத்தாள். தோளில் மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தகடுகள். கை எந்தப் பக்கம் போனாலும் கூடவே போகும். இடுப்பில் அகலமான தோல்வார். அதற்குக் கீழே, படங்கு கட்டிய அதே வாகில், கோயிலின் பழைய சிவப்பு வெல்வெட் திரைச்சீலை இதழ் இதழாக விரிந்தது. தலைக்கவசத்தின் பின்புறம் வட்டமாக வெட்டிக் கொண்டை வெளியே வர வழி வைத்தாள். முன்பு கண்ணை மறைத்துச் சரிந்த கவசம், இப்போது கொண்டையின் பிடிப்பில் அசையாமல் நின்றது. கொண்டையைச் சுற்றிப் பூ வைத்துக்கொள்ளவும் ஆயிற்று.

இடது தோளில் ஒரு கொக்கி. அதைக் கழற்றினால் நெஞ்சுத் தகடு ஒரு பக்கமாகக் கதவுபோல் திறக்கும்.

"இது என்னாத்துக்குக்கா?" என்றாள் மார்கிரட்.

"ராணி புள்ள பசிச்சு அழுதா ராணி என்னா செய்வா?"

மார்கிரட் அந்தக் கொக்கியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சனம் கலையும் முன்னரே இசபெல் கோயில் முற்றத்துக்கு வந்து நின்றாள். கவசம் அவள் உடம்பில் இருந்தது. கட்டைக் குட்டை உருவத்துக்கு அது முழங்காலைத் தாண்டித் தொங்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் மரவாளை மத்தியாசிடம் நீட்டினாள்.

"அடி."

"என்னாக்கா இது, வெளயாட்டா?"

"ஒம் பொண்டாட்டி மேல விழப்போற அடி. நீயே அடிச்சுப் பாரு."

மத்தியாஸ் சங்கடத்தோடு லேசாகத் தட்டினான்.

"காலையில சாப்புடலயா நீ? அழகன் இப்பிடியா அடிப்பான்?"

இரண்டாம் அடியும் லேசுதான். "மத்தியாசு," என்றாள் இசபெல் தணிந்த குரலில், "நீ பயப்படுறது நெசம். அந்தப் பயத்தோட அடி."

அவன் வாளை இரு கையாலும் பிடித்து ஓங்கி நடு நெஞ்சுக்கு இறக்கினான். டங்கென்று ஓர் ஓசை. வாள் முகட்டில் பட்டு வலது பக்கமாக வழுக்கிப் போயிற்று. அதன் பின்னாலேயே மத்தியாசும் போய், நிலை தடுமாறி, முற்றத்து ஓரத்து மழைத்தண்ணீர்க் கானுக்குள் ஒரு காலை விட்டான். இசபெல் அசையவில்லை. நொண்டிக் காலோடு நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாக வியர்த்திருந்தது.

மத்தியாஸ் சேற்றுக்காலோடு ஏறி வந்தான். தகட்டைக் கையால் தடவிப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"சரி. புள்ளய நான் வச்சிக்கிறேன்" என்றான்.

திருநாள் பிற்பகல் நாடகம். மாஸ்டர் சொல்லி வைத்ததுபோல் மலையிலிருந்து நிஜமான பனிமூட்டமே மைதானத்துக்கு இறங்கி வந்தது. அரக்கன் உறுமிக்கொண்டு வரும் கட்டத்துக்குக் கொஞ்சம் முந்தி, திரைக்குப் பின்னால் மத்தியாஸின் தோளில் குழந்தை வீறிட்டது. ராணி உள்ளே போனாள். ஆர்மோனியக்காரர் தெரிந்த பாட்டையெல்லாம் வாசித்தார். கொக்கி கழன்றது, குழந்தை குடித்தது, கொக்கி மாட்டியது. ராணி வாளோடு வெளியே வந்தபோது, முன்வரிசையில் விஷயம் புரிந்திருந்த பெண்கள் கைதட்டத் தொடங்கினார்கள். அப்போது அவள் இன்னும் ஒரு வசனமும் பேசியிருக்கவில்லை.

சண்டையில் அழகன் தன்னை மறந்துவிட்டான். மூன்று அடி கவசத்தில் விழுந்தது. மூன்றும் வழுக்கிப் போயின. கடைசி அடி வழுக்கிய வேகத்தில் அவன் குனிய, வெல்வெட் இதழ்கள் சுழன்று விரிய மார்கிரட் ஒரு சுற்றுச் சுற்றி அவன் பிடரியில் வாளை வைத்தாள். "எடுக்கவா, விடவா?" என்று அவள் கேட்டது மாஸ்டர் எழுதிய வசனம் இல்லை. "எடு! எடு!" என்று லயத்துப் பெண்கள் எழுந்து நின்று கத்தினார்கள். கூட்டத்தில் மீனம்மா என்பவள், "இது நம்ம மார்கிரட்டுதானா?" என்று பக்கத்திலிருந்தவளைப் பிடித்து உலுக்கினாள். மேடை ஓரத்தில் நின்ற இசபெல் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மார்கிரட் கை ஓங்கும்போதெல்லாம் அக்குள் தையலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் தாங்கியது.

அந்தக் கவசம் பேர் வாங்கிவிட்டது. லோரன்ஸ் மாஸ்டர் அதைப் பள்ளிக்கூடக் கண்ணாடி அலுமாரியில் மாட்டி வைத்தார். வேறு தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். அழகனின் வாள்பட்ட கோடுகளைப் பிள்ளைகள் கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டுவார்கள்.

போன மாதம் அக்கரப்பத்தனையிலிருந்து சுகிர்தம் என்று ஒரு பெண் வந்தாள். அவர்கள் தோட்டத்திலும் ராணி நாடகம் போடுகிறார்களாம். அவள்தான் ராணியாம். வாட்டசாட்டமான பெண், நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். மாஸ்டரே கவசத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். போட்டுப் பார்த்தபோது முன்னும் பின்னும் சேரவில்லை. பக்கவாட்டில் ஒரு சாண் வெளியே தெரிந்தது.

சுகிர்தம் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குக் கொஞ்சம் ஒடம்புதாங்க. ரெண்டு வாரம் ராத்திரிச் சாப்பாட்ட விட்டுப் பாக்கிறேன்."

"புதுசா ஒண்ணு தைச்சுக் குடுத்தா என்னா?" என்றார் மாஸ்டர் அவசரமாக. "இது அப்பிடியே இருக்கட்டுமே. பேர் போன சாமான். இதப் போயி..."

இசபெல் கவசத்தை வாங்கி மெஷின் மேல் மல்லாத்திப் போட்டாள். கத்தரிக்கோலை எடுத்தாள். சிவப்பு வெல்வெட்டின் ஓரத்தில் அதன் வாயை வைத்து, இடுப்பிலிருந்து அக்குள் வரை பக்கத் தையலை ஒரே இழுப்பில் வெட்டித் திறந்தாள்.