மேலே வைத்த கை: வவுணதீவுத் துறையில் புதுக் கமராவுடன் ஒரு காலை

மட்டக்களப்பு நகரிலிருந்து வவுணதீவுக்குப் போய்வந்ததையெல்லாம் பயணம் என்று எழுதுகிறானே என்று சிலர் சிரிப்பீர்கள். என் வீட்டு வாசலில் இருந்து தோணித்துறை வரை ஒன்பது கிலோமீற்றர்தான். சிரியுங்கள். நான் ஒரு அவமானத்தைத் தீர்க்கப் போனவன். அதைச் சொல்லாமல் வழி சொல்ல எனக்கு மனமில்லை.

வாவிக்கரையில் ஒரு மீனவர் சங்கம் வருடாவருடம் சுவர்க் கலண்டர் அடிக்கிறது. பல வருடங்களாக அதில் வருவது நான் எடுக்கும் படம். நான் எந்த வகுப்புக்கும் போகவில்லை, எவரிடமும் கைகட்டி நிற்கவுமில்லை. பிலிம் காலத்தில் கெடுத்த சுருள்கள்தான் எனக்கு வாத்தியார். இந்த வருடம் என் கமரா செத்துவிட்டது. கொழும்புக்கு அனுப்பினேன், இந்த மொடலுக்கு இனிச் சாமான் வராது என்று ஒரு துண்டுச் சீட்டோடு திருப்பி அனுப்பினார்கள். டோஹாவில் இருக்கும் மகள் புதுக் கமரா அனுப்பிவைத்தாள். பெட்டியைத் திறந்தால் வேறு கம்பெனி. என் வாழ்நாளில் பாதிக்கு மேல் நான் திட்டித் திரிந்த கம்பெனி.

கம்பெனி மாறியவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரியும். மாறாதவர்கள் கேளுங்கள். இதில் எல்லாமே எதிர்ப்பக்கம். லென்ஸைப் பூட்டுவது எதிர்ப்பக்கம், கழற்றும் பொத்தான் எதிர்ப்பக்கம், வெளிச்சத்தைக் கூட்டும் சக்கரம் எதிர்ப்பக்கம். சக்கரத்தை மெனுவுக்குள் போய்த் திருப்பி வைக்கலாம், வைத்துவிட்டேன். சூம் வளையத்துக்கு மெனு கிடையாது. என் பழைய லென்ஸில் கீழே தாங்கிய கையை வலப்பக்கம் இழுத்தால் காட்சி அகலும். இதில் அதே இழுப்புக்குக் காட்சி நெருங்கி வந்து மூக்கில் நிற்கிறது.

சங்கத்துப் பொதுக்கூட்டத்தில் இந்தக் கமராவால் முதன்முதல் படம் எடுத்தேன். தலைவருக்குத் தலையில்லை, பொருளாளருக்கு ஒரு காதுதான் வந்தது. செயலாளர், என் மகன் வயதுக்காரர், எல்லோரும் கேட்கச் சொன்னார்: "ஐயா, இந்த வருசம் ஓய்வா இருங்க. டிரோன் வச்சிருக்கிறவரிட்டக் குடுப்பம்." கமராவில் நான் மாட்டியிருந்த பழைய கம்பெனியின் மஞ்சள் வாரைப் பார்த்து வேறு சிரித்தார். புதுக் கம்பெனி தந்த வாரை நான் கட்டவில்லை. கட்டவும் மாட்டேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும் வரைக்கும் பொறுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

வியாழன் காலை ஐந்து மணிக்கு சபீக்கின் ஆட்டோவில் புறப்பட்டேன். சபீக் காத்தான்குடிக்காரர், கத்தாரில் எட்டு வருடம் வேன் ஓட்டிவிட்டு வந்தவர். வலையிறவுப் பாலத்தில் ஏறும்போது என் கதையைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னார். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், சிக்னல் தடியும் இடப்பக்கம். இங்கத்தை வேனில் சிக்னல் வலப்பக்கம், இடப்பக்கம் இருப்பது வைப்பர். ஊருக்கு வந்து ஓடினால் கை பழைய பக்கமே போயிருக்கிறது.

"ஒரு மாசமா ஐயா, சிக்னல் போடுற எண்டு வைப்பரப் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச நான். றோட்டில நிக்கிற சனம் மழை வருதா எண்டு வானத்தப் பாக்கும்."

பிறகு எப்படிச் சரியானது என்று கேட்டேன். கைக்குத் திருப்பித் திருப்பிச் சொல்ல அது கேட்டுக்கொண்டதாம். என் கை கேட்காது என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ஆட்டோவை வேகமாக்கினார்.

துறையில் தங்கராசா தோணியோடு நின்றார். வீச்சுவலைக்காரர். வயது ஐம்பது தாண்டியும் நின்ற நிலையில் வலையை வட்டமாகப் போடக்கூடியவர். அவர் தோணியின் முன்னணியத்தில் கிழக்கே பார்த்து நிற்க, நான் பின்பக்கப் பலகையில் இருந்தேன். சூரியன் நகரப் பக்கமிருந்து ஏறும். அந்த வெளிச்சத்துக்கு எதிரே வலை விரியும்போது ஒவ்வொரு வலைக்கண்ணிலும் தண்ணீர் ஒளிரும். எனக்கு வேண்டியது அது. காற்று எழும்பினால் வலை கோணும், ஆகவே ஏழரைக்குள் எடுத்தாகவேண்டும்.

என் முறை இது: முதலில் வலை பிடித்த கைகளை நெருக்கமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். தோள் திரும்பும்போதே வீசப்போவது தெரிந்துவிடும். வலை கையை விடும் கணத்தில் காட்சியை அகலித்து, முழு வட்டமும் உள்ளே வரப் பொத்தானை அமத்துவேன். அகலமாகவே வைத்து எடுத்துவிட்டுப் பிறகு வெட்டலாமே என்று கேட்பீர்கள். நான் படத்தை வெட்டுவதில்லை.

முதல் வீச்சு. கை வலப்பக்கம் போனது. திரையில் தங்கராசாவின் பிடரி மட்டும்.

"வலை வந்திட்டா அண்ணன்?"

"பிடரி வந்திட்டு."

"பிடரிய வச்சிக் கலண்டர் அடிச்சா என்ட பொண்டாட்டியே மாட்டமாட்டா."

இரண்டாவது வீச்சில் கையைக் கட்டாயப்படுத்தி இடப்பக்கம் இழுத்தேன். யோசித்து இழுத்ததால் பிந்திவிட்டது. வலை தண்ணீருக்குள் போனபின் வந்த வட்ட அலைதான் கிடைத்தது. மூன்றாவதில் மறுபடி பிடரி. தங்கராசா வலையில் இருந்த இறாலைத் தட்டிவிட்டு, கொஞ்சம் ஆறிப் பிறகு எடுப்போமா என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதைதான் எனக்குப் பொறுக்கவில்லை. போடுங்கள் என்றேன்.

நாலாவது வீச்சுக்கு முன் வலை உதறிய தண்ணீர் கமராவில் தெறித்தது. தோளில் கிடந்த துவாயை லென்ஸுக்கு மேலே போட்டு, இடக்கையால் மேலிருந்து அமத்திப் பிடித்துத் துடைத்தேன். துடைத்த கை பழக்கப்படி வலப்பக்கம் இழுத்தது. காட்சி அகன்றது.

நான் அப்படியே இருந்துவிட்டேன். இன்னொருமுறை இழுத்துப் பார்த்தேன். திரும்பவும் அகன்றது. யோசித்தால் எளிய கணக்குத்தான். ஒரு வளையத்தைக் கீழே பிடித்து வலப்பக்கம் இழுத்தால் ஒரு பக்கம் சுழலும், மேலே பிடித்து அதே வலப்பக்கம் இழுத்தால் மற்றப் பக்கம் சுழலும். லென்ஸைக் கீழிருந்து தாங்கவேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் மேலே பிடித்தேன். மஞ்சள் வாரைக் கழுத்தில் இறுக்கி, கமராவை முன்னுக்குத் தள்ளி, வலது முழங்கையை வயிற்றில் ஊன்றினேன். ஆட்டம் நின்றது. என் கை மாறவில்லை, பிடிக்கும் இடம்தான் மாறியது.

"இப்பப் போடுங்க" என்றேன்.

வலை விரிந்தது. முழு வட்டம். ஈயக் குண்டுகள் வரிசையாக, அவற்றுக்குள் சூரியன், கீழே பாதி நிழலில் தங்கராசா. அமத்தும்போதே தெரிந்தது. பார்க்கத் தேவையில்லை என்று கமராவை மடியில் வைத்துவிட்டு, தோணியைக் கரைப்பக்கம் கிறுக்குங்கள், வீட்டுக்குப் போவோம் என்றேன். இனிப் படம் எடுக்கப் போவதில்லையா என்று கேட்டார். எதற்கு?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. துறைக்குக் கிட்டவே அவர் வீடு. வெறுந்தேத்தண்ணி குடித்தபடி படத்தைத் திரையில் பெருப்பித்துக் காட்டினேன். தங்கராசாவின் முகம் மாறியது. வலையின் இடது ஓரத்தில் ஒரு கிழிசல், கை நுழையும் அளவு. அதன் அறுந்த நூல்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கிழிந்த வலையோடு வருடம் முழுக்க ஊர்ச்சுவரில் தொங்க ஏலாது, அந்தக் கிழிசலைப் படத்தில் அழித்துவிடுங்கள் என்றார். நான் படத்தில் கைவைப்பதில்லை என்றேன். அப்படியென்றால் கலண்டருக்குக் குடுக்கவேண்டாம் என்றார். பகிடியாகச் சொல்லவில்லை. நியாயம் அவர் பக்கமும் இருந்தது, படத்தில் நிற்பது அவர்.

இறால் ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி செல்வராணி கையைத் துடைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கிழிசலோடதானே போன மாசம் முழுக்க இறால் கொண்டந்த. அப்ப இல்லாத வெக்கம் இப்ப எங்கால வந்த? சட்டையப் பாருங்க, முதுகில அது வலைய விட மோசம்."

தங்கராசா குனிந்து பார்த்தார். உண்மைதான்.

"அப்ப அண்ணன், சட்டைய மட்டுமாவது அழிங்க."

"அதுவும் ஏலாது."

செல்வராணி சிரிக்க, கடைசியில் அவரும் சிரித்தார். குடுங்கள், ஆனால் முதல் கலண்டர் தன் வீட்டுக்கு வரவேண்டும் என்றார். வாக்குக் கொடுத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: நகரிலிருந்து ஆட்டோ போய்வர, காத்திருப்புடன் இரண்டாயிரம் ரூபாய் கேட்பார்கள். பஸ்ஸும் உண்டு, ஆனால் விடியலைப் பிடிக்காது. தோணிக்கு ஒரு காலைக்கு இரண்டாயிரத்தைந்நூறு பேசலாம். மாரி மழை தொடங்கமுன் போங்கள். லென்ஸ் துடைக்க இரண்டு துவாய் கொண்டுபோங்கள், உப்புத் தண்ணீர் பட்டதை மறுபடி பாவிக்காதீர்கள். கம்பெனி மாறியவர்கள் சக்கரங்களை மெனுவில் திருப்புங்கள். வளையத்துக்கு நான் சொன்ன பிடியைப் பிடித்துப் பாருங்கள். கையோடு சண்டை பிடிக்காதீர்கள், அது உங்களைவிடக் கூடக் காலம் படம் எடுத்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை செயலாளரின் மேசையில் படத்தை வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, கடதாசியைக் கிட்டப் பிடித்து, கனநேரம் பார்த்தார். டிரோன்காரரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கடைசியில் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்ட ஆறுதலோடு விரலை வைத்தார்.

"ஐயா, வலையில ஒரு கிழிசல் தெரியுதே?"

"தெரியும்" என்றேன். "நூலை எண்ணிப் பாருங்க."