ஹென்ரிக்குக்குக் கொடுத்த பத்து மாத்திரைகள்

வெள்ளிக்கிழமை காலை 8.20. கிள்ளானில் ஒரு மருத்துவமனையின் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, என் நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தேன். மேல் மூலையில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழிந்தும்விட்டது. மாடியில் மூன்றாவது வார்டில் இருபத்தொன்பது வயது மனிதன் ஒருவன் ஈறுகளில் ரத்தம் கசியப் படுத்திருந்தான். அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் என் கையும் உண்டு என்பதற்கு அந்தப் பக்கம்தான் அத்தாட்சி.

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. எழுதத்தான் தெரியும். அதனால் கர்த்தர் எனக்குச் செய்ததை நாள் தவறாமல், மணி தவறாமல் இங்கே எழுதுகிறேன். என் பெயர் சாமுவேல். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். பகலில் ரயில்வே பண்டகசாலையில் குமாஸ்தா வேலை. மாலையில் கிள்ளானில் இருந்த ஒரு காற்பந்துக் குழுவுக்கு முதலுதவிக்காரன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. பதினொரு வருடங்களாக ஒவ்வொரு ஆட்டக்காரனின் எடை, உடம்புச் சூடு, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வந்தேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. குழுக்கள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வரவழைத்துக்கொண்டிருந்த காலம். எங்களுக்கு வந்தவன் ஹென்ரிக், டென்மார்க்கில் ஒரு சிறிய துறைமுக ஊர்க்காரன். தற்காப்பு ஆட்டக்காரன். சொந்த நாட்டில் இரண்டாம் பிரிவில் ஆறு வருடம், பெல்ஜியத்தில் ஒரு பருவம், பிறகு முழங்கால் அறுவை. அதற்கு மேல் ஐரோப்பாவில் யாரும் கூப்பிடவில்லை. எங்களோடு ஒரு வருட ஒப்பந்தம். மனைவி ஊரில் ஆறு மாதக் கர்ப்பம். ஒப்பந்தம் நீடித்தால் குழந்தை பிறந்ததும் இங்கே அழைத்து வருவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். பருவம் முடிய இன்னும் ஐந்து ஆட்டங்கள் பாக்கி. வெளிநாட்டு ஆட்டக்காரன் இரண்டு ஆட்டம் வெளியே உட்கார்ந்தால் நிர்வாகம் வேறு ஆளைத் தேடத் தொடங்கிவிடும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் திடலின் பின்பக்கம் ஒரு தகரப் பீப்பாய் இருந்தது. மீன் பாசாரிலிருந்து ஐஸ் வாங்கி வந்து அதில் கொட்டுவோம். பயிற்சி முடிந்ததும் கால் வீங்கியவர்கள் அதில் இறங்கி நிற்பார்கள். அந்த வாரம் திங்கட்கிழமை ஹென்ரிக் பயிற்சிக்கு முன்னாலேயே பீப்பாயில் இறங்கிக் கழுத்து வரை உட்கார்ந்தான்.

"என்ன அங்கிள், மாட் சாலே மீனா மாறிட்டானா? பாசார்ல வித்துடலாம் லா" என்று கோல்காவலன் கிண்டல் செய்தான். வெள்ளைக்காரனை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஹென்ரிக்கும் பல் நடுங்கச் சிரித்தான்.

"கால்தான் அங்கிள். கால் மட்டும்தான்" என்று ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னான். சனிக்கிழமை ஆட்டத்தில் கணுக்காலில் அடி பட்டிருந்தது உண்மை. அவன் வெளியே வந்ததும் வழக்கம்போல் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தேன். 36.9. எழுதிக்கொண்டேன். வலிக்கு இரண்டு ஆஸ்பிரின் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொண்டேன். செவ்வாய் நான்கு, புதன் நான்கு.

பயிற்சியாளர் தினமும் கேட்டார். "அங்கிள், சனிக்கிழமை அவன் ஆடணும். எப்படியாச்சும் ரெடி பண்ணிடுங்க."

வியாழக்கிழமை மாலை 5.35. உயரப் பந்தைத் தலையால் தட்டிவிட்டுத் தரையில் இறங்கிய ஹென்ரிக்கின் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. யாரும் இடிக்கவில்லை. துணியால் அழுத்தினேன், நிற்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். மார்பு முழுவதும் ஊசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். டிங்கி காய்ச்சல். டிங்கியில் ஆஸ்பிரின் கொடுத்தால் ரத்தம் நிற்காது. இதை மற்ற ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

மருத்துவமனையில் சேர்க்கும்போது தாதி கேட்டார், இந்த நாட்களில் ஏதாவது மருந்து சாப்பிட்டாரா என்று. குழு மேலாளர் எனக்கு முன்னே நின்று, "ஒன்னும் இல்ல மிஸ்ஸி" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஹென்ரிக் பதில் சொல்லும் நிலையில் இல்லை. வெளியே வந்ததும் மேலாளர் என் தோளில் கை போட்டார். "அங்கிள், மருந்து பேச்சே வேணாம். உங்களுக்கும் நல்லதில்ல, குழுவுக்கும் நல்லதில்ல."

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ரூபி விஷயத்தைக் கேட்டாள். சாப்பாட்டுத் தட்டை என் முன்னே வைத்துவிட்டு நின்றாள்.

"என்னங்க, அந்தப் புள்ள உங்க கையாலதானே மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுச்சு? டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு வரைக்கும் அது தாங்குமா?"

நான் சோற்றைத் தொடாமல் தட்டைத் தள்ளிவைத்தேன்.

அதனால்தான் வெள்ளி காலை நோட்டோடு வந்தேன். ஆனால் சொல்வதற்காக வந்தேன் என்று எழுதினால் அது பொய். மோட்டாரை நிறுத்தும்வரை எனக்கே தெரியாது. வேலை போகுமா, போலீஸ் வருமா, சபையில் செயலாளராக இருக்கிறவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது, இப்படித்தான் மனம் ஓடியது. ஜெபித்தேன். "ஆண்டவரே, இவனைப் பிழைக்க வையும். என்னையும் காப்பாற்றும்." இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். கேட்டுக்கொண்டே பக்கத்தைக் கிழிக்கத் தொடங்கினேன்.

கிழிந்த சத்தம் கேட்டுக் குனிந்தபோது என் கையெழுத்து கண்ணில் பட்டது. "5.00 ஐஸ். 5.25 உடம்புச் சூடு 36.9." அடுத்த நாள், "4.55 ஐஸ். 5.20 உடம்புச் சூடு 37.0." மூன்று நாளும் அப்படித்தான். ஐஸுக்குள் இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தவனுக்கு நான் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். நிமிடம் பிசகாமல் எழுதி வைத்த அத்தனையும் பிரயோசனமில்லாத எண்கள். ஐஸுக்கு முன்னால் ஒரு தடவை அவன் நெற்றியில் கை வைத்திருந்தாலே தெரிந்திருக்கும்.

பதினொரு வருடப் பெருமை அந்த இடத்திலேயே போய்விட்டது. மறுபடியும் ஜெபித்தேன். இந்த முறை எனக்காக எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "ஆண்டவரே, இவனைப் பிழைக்க வையும்." அவ்வளவுதான். படியேறினேன்.

வார்டு டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி, யாழ்ப்பாணத் தமிழர். நோட்டை அவர் கையில் கொடுத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"எத்தனை குளிசை குடுத்தனீங்கள்? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"பத்து, டாக்டர். கடைசி ரெண்டு புதன் சாயந்திரம் ஆறரைக்கு. எல்லாம் அதுல இருக்கு."

அவர் பக்கத்தை மேலிருந்து கீழே படித்தார். "இவரின்ர ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்களின்ர எண்ணிக்கையைப் பாத்திட்டு நாளைக்கு வரைக்கும் பொறுத்துப் பாப்பம் எண்டிருந்தன். ஆஸ்பிரின் குடிச்சிருந்தால் இருக்கிற அணுவும் வேலை செய்யாது. இனிப் பொறுக்கேலாது." திரும்பித் தாதியிடம் ரத்தத்தைத் தயார் செய்யச் சொன்னார். பிறகு என்னிடம், "அவர் ஓ நெகட்டிவ். எங்கட சனத்தில லேசில கிடைக்காது. ரெண்டு பை இருக்கு. இன்னும் நாலு வேணும்" என்றார்.

அப்போது மணி 9.05. கீழே அலுவலகத்தில் ஒரு தொலைபேசியைக் கொடுத்தார்கள். முதலில் எங்கள் போதகரைக் கூப்பிட்டு, மாத்திரை விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சபையார் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் பேசினார். சாலாக் செலாத்தானிலிருந்து அக்கா தங்கை இருவர் ஒரே டாக்சியில் வந்தார்கள். இருவரும் ஓ நெகட்டிவ். ரவாங்கிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். மூன்று பேர். நான்காவது ஆள் கிடைக்கவில்லை. தமிழ் வானொலியில் அறிவிப்புச் செய்தார்கள். நான் தொலைபேசியை விட்டு நகரவில்லை. வந்த அழைப்புகள் பதினேழு. பதினாறு பேருக்கு வேறு வகை ரத்தம், அல்லது தங்கள் வகை என்னவென்றே தெரியவில்லை.

12.25க்குப் பதினேழாவது அழைப்பு. பந்திங்கிலிருந்து பழனி என்ற லோரி ஓட்டுநர்.

"ரேடியோவில சொன்னீங்களே, யாருக்கு ரத்தம், பாஸ்?"

சொன்னேன்.

"அந்த மாட் சாலேவுக்கா? போன மாசம் ஆட்டத்தில எங்க குழு ஆளை வேலியோரம் தூக்கி அடிச்சானே, அவனா? நான் அவனை என்னென்ன ஏசினேன் தெரியுமா?"

"அவன்தாண்ணே."

வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"சரி, எந்த வாசல்ல வரணும் சொல்லுங்க."

1.40க்கு வந்தார், லோரி நிறையச் செம்பனைக் குலைகளோடு. "வண்டிய ரோட்டோரம் விட்டிருக்கேன். போலீஸ்காரன் வந்தா நீங்கதான் பேசணும்" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

3.10க்கு ஹென்ரிக் ரத்த வாந்தி எடுத்தான். வார்டிலிருந்து எங்களை வெளியே போகச் சொன்னார்கள். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியே அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. கட்டிலைத் தாண்டி நீண்டிருந்த அந்தக் கால்கள் அசையவில்லை. முதல் பை காலையிலேயே சோதிக்கப்பட்டுத் தயாராகப் பக்கத்து அறையில் இருந்தது. 3.15க்கு ஏற்றினார்கள். இரண்டாவது 4.00க்கு. காலையில் கொடுத்தவர்களின் ரத்தம் சோதனை முடிந்து 5.30க்கு வந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் எனக்கு ஜெபிக்க வார்த்தை வரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றேன். ரத்தம் கொடுத்த கையை மடக்கிப் பிடித்தபடி பழனியும் போகாமல் நின்றார். அவர் வாய் முருகா முருகா என்று முணுமுணுத்தது.

5.50க்கு டாக்டர் வெளியே வந்தார். "ரத்தம் நிண்டிட்டுது." போகிற போக்கில் சொன்னார், "நீங்கள் காலமை வராட்டில், மூண்டு மணிக்குப் பிறகுதான் நாங்கள் ரத்தம் தேடத் தொடங்கியிருப்பம்."

அந்த வாக்கியத்தை நான் நோட்டில் எழுதவில்லை. எழுதாமலே இன்றுவரை நினைவிருக்கிறது. என்னைக் காப்பாற்றும் என்று நான் கேட்டதைக் கர்த்தர் கொடுத்திருந்தால், அந்தப் பக்கம் குப்பைக்குப் போயிருக்கும். ஹென்ரிக்கும் போயிருப்பான்.

பழனி சாவியை வாங்கிக்கொண்டார். "அவன்கிட்ட ஒன்னு சொல்லிடுங்க. இனிமே எங்க ஆளு பக்கம் வந்தா கொஞ்சம் மெதுவா. என் ரத்தம் உள்ள ஓடுது, ஞாபகம் இருக்கட்டும்."

ஞாயிறு ஆராதனை முடிந்து நேராக வார்டுக்குப் போனேன். ஹென்ரிக் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்டேன். அவன் கரண்டியை வைத்தான். திங்கட்கிழமையே தனக்குக் காய்ச்சல் என்று தெரியும் என்றான். ஐஸில் உட்கார்ந்தால் என் தெர்மாமீட்டரை ஏமாற்றலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். "நாம் இரண்டு பேரும் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடினோம் அங்கிள்" என்றான். அவன் கண்ணிலும் தண்ணீர், என் கண்ணிலும் தண்ணீர்.

எல்லாம் இனிமையாக முடிந்தது என்று எழுத மாட்டேன். குழு என்னை நிறுத்திவிட்டது. "நம்ம ஆளுன்னு நெனச்சேன் அங்கிள்" என்றார் மேலாளர். ஹென்ரிக் கடைசி ஆட்டத்தில் இருபது நிமிடம் மட்டும் ஆடினான். அவன் ஒப்பந்தமும் நீடிக்கவில்லை. விமான நிலையத்தில் அவனை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது, கர்த்தர் பாதியில் விட்டுவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். அவசரப்பட்டு நினைத்துவிட்டேன். டிசம்பரில் அவனுக்கு மகள் பிறந்தாள். பிறந்தபோது அவன் பக்கத்திலேயே இருந்தான். பிறகு தன் ஊர்க் குழுவில் சேர்ந்து ஐந்து பருவம் ஆடினான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அட்டை வரும். அதில் அந்த வருடம் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை மட்டும் இருக்கும், "உங்கள் நோட்டுக்கு" என்ற குறிப்போடு. போன கிறிஸ்துமஸ் அட்டையில் ஆட்டத்தை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தான். கூட்டிப் பார்த்தேன். கிள்ளானுக்குப் பிறகு நூற்று முப்பத்தொன்று.

இன்று சபைப் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்கு முதலுதவிப் பெட்டியோடு நான்தான் போகிறேன். இப்போதும் நோட்டில் எழுதுகிறேன். ஆனால் பேனாவை எடுக்கும் முன் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறேன். "உண்மையைச் சொல், என்ன செய்கிறது?" என்று கேட்கிறேன்.

பிரியமானவர்களே, கர்த்தரிடம் கேளுங்கள். அவர் கேட்கிறார். ஆனால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கேட்காதீர்கள். நான் மறைக்கப் பார்த்ததை வைத்தே அவர் ஒரு உயிரைக் காப்பாற்றினார். அந்தப் பக்கத்தின் கிழிந்த மூலையைப் பசைத்தாள் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். அதன் அடியில், பத்து மாத்திரைகளின் கணக்குக்குக் கீழே, நூற்று முப்பத்தொரு ஆட்டங்களையும் எழுதியிருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், எடுத்துக் காட்டுகிறேன்.