பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி, நெஞ்சுவலி

கதவைத் தட்டிப் பிழைக்கிற வேலைகளில், ஆளைப் பார்த்ததுமே மூக்கைப் பொத்திக்கொள்வது எங்கள் வேலைக்கு மட்டும்தான். மீட்டர் கணக்கெடுப்பவர்களே, கொசுப்புழு தேடி வருபவர்களே, உங்களுக்காவது என் கஷ்டம் புரியும். கும்மிடிப்பூண்டியில் நான் குப்பைப் பரப்புரையாளர். மக்குவதைப் பச்சைத் தொட்டியில் போடுங்கள், மக்காததை நீலத்தில் போடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்ல வேண்டும். யாரும் கேட்காவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது. என்னோடு வண்டியில் வரும் காஞ்சனாவின் கைக்குத்தான் ஆபத்து. உரக்கூடத்தில் உட்கார்ந்து அத்தனையையும் கையால் கிளறிப் பிரிப்பவள் அவள். கையுறை கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் காகிதம் எது, கவர் எது என்று விரலுக்குத் தெரியவில்லை என்று கழற்றி வைத்துவிடுவாள்.

தொட்டிக்கு வந்த வாழ்வு

தொட்டிகளை இலவசமாகக் கொடுத்துவிட்டு, மறுவாரம் எப்படிப் பயன்படுகின்றன என்று பார்க்கப் போனேன். முதல் வீட்டில் அந்த அம்மா ஆசையாக உள்ளே கூப்பிட்டார். பச்சைத் தொட்டியில் இட்லி மாவு பொங்கி மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தது. நீலத் தொட்டியில் ரேஷன் அரிசி. அப்படியானால் குப்பை எங்கே போகிறது என்று கேட்டதற்கு, எதிரே இருந்த காலி மனையைக் கையால் காட்டினார். சாப்பாட்டுப் பொருளை இதில் வைக்கலாமா என்று நான் சற்றுக் குரலை உயர்த்தியதும் அவருக்கு வருத்தமாகிவிட்டது.

"இவ்ளோ பளபளன்னு கீற டப்பாவுல குப்பையப் போட உனுக்கு மனசு வருமா, நீயே சொல்லு."

வெள்ளிக்கிழமை விடுமுறை

ஒரு தெருவில் வெள்ளிக்கிழமை வண்டி மணி அடித்தால் ஒரு கதவும் திறக்காது. அன்றைக்குக் குப்பையை வெளியே கொடுத்தால் லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம். சேர்ந்ததெல்லாம் சனிக்கிழமை ஒரே மூட்டையாக வரும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, ஒரு வீட்டு மூட்டையைக் காஞ்சனா வாசலிலேயே பிரித்தாள். சாம்பார் சாதத்துக்குள்ளிருந்து கத்தி மாதிரி நீளமாக ஒரு கண்ணாடித் துண்டு வந்தது. அதைத் தொடர்ந்து இன்னும் நான்கைந்து. இது என்ன என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். சாமி படம் கீழே விழுந்து உடைந்துவிட்டதாம். அப்படியானால் படம் எங்கே என்று கேட்டேன். அவர் உள்ளே போய், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த படத்தைக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் காஞ்சனாவிடம் கொடுத்தார். பிரிக்கத் தெரியாதவர்கள் என்று யார் சொன்னது?

"சாமி படம்மா இது. யார் மேலயும் படாத எடமாப் பாத்து பத்திரமா வெச்சிடு."

உதாரண வீடு

ஊரெல்லாம் இப்படி என்றால், ஒரே ஒரு வீடு எனக்குக் கோயிலாக இருந்தது. அத்திப்பட்டுப் பக்கம் மின்நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த பெரியவர் ஒருவருடைய வீடு. பால் கவரைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பார். அவர் வீட்டைப் போய்ப் பாருங்கள், அவரைப் போலச் செய்யுங்கள் என்று அந்தத் தெரு முழுக்க நான் பாடாத நாள் இல்லை.

எலுமிச்சைத் தோல் மண்புழுவுக்கு ஆகாது. அதனால் உரக்குழியில் கொட்டுவதற்கு முன் காஞ்சனா அதைப் பொறுக்கி எடுத்துவிடுவாள். ஒருநாள் எலுமிச்சை மூடி ஒன்றை எடுத்தவள், கையை உதறிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விரலில் ரத்தம். தோலுக்குள் சர்க்கரை நோய்க்குப் போடும் ஊசி செருகியிருந்தது. அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அந்தக் கூடை வந்த தெருவுக்கு ஓடினேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். முதலில் எதிர்ப்பட்டது பெரியவர். நான் கேட்ட மாத்திரத்தில், தன்னுடையதுதான் என்று பெருமையாகவே ஒப்புக்கொண்டார்.

"வெறும் ஊசியாப் போட்டா யார் கையிலயாவது குத்திடும்னுதாம்மா பழத்துல சொருவிப் போடறேன். பழம் மக்குற குப்பைதானே?"

ஒரு பாட்டில்

ஆஸ்பத்திரியில் காஞ்சனாவுக்கு மருந்து கொடுத்து, ஊசி வழியாக நோய் ஏதும் தொற்றியதா என்று பார்க்க ரத்தம் எடுத்துக்கொண்டு, சில வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்றார்கள். அவளுக்குப் பால்குடி மறக்காத பெண் குழந்தை. டாக்டர் எவ்வளவோ தைரியம் சொல்லியும் குழந்தையைத் தூக்க மறுத்துவிட்டாள். குழந்தை அழும், இவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்ட பெரியவர் ஆடிப்போய்விட்டார். தானே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன் ரத்தத்தைச் சோதிக்கக் கொடுத்தார். அதில் ஒரு குறையும் இல்லை என்று வந்த அன்று, காஞ்சனா குழந்தையை வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஊசிகளைப் போட்டு இறுக மூடிவைக்கக் கெட்டியான பாட்டில் ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு, நேராக அந்தத் தெருவுக்குப் போனேன். பெரியவரின் பக்கத்து வீட்டு அம்மா பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்குமா பேஜாரு? நீ சொன்னேன்னு அவரு ஊட்டப் பாத்துதான், சுகர் கீற எல்லா ஊட்லயும் ரொம்ப நாளாவே எலுமிச்சம்பழத்துல சொருவிக்கினு கீறோம்."

பாட்டில் என் கையில் இருந்ததா, அவர் கையில் இருந்ததா என்றுகூட நினைவில்லை. காஞ்சனாவைக் குத்தியது யார் வீட்டு ஊசி என்பது இனி யாருக்கும் தெரியாது. இதைக் காஞ்சனாவிடம் போய்ச் சொன்னதுதான் இந்த வேலையில் நான் செய்த கொடிய காரியம். மடியிலிருந்த குழந்தையை அவள் மெல்ல இறக்கிவிட்டாள். அவளுடைய மறுபரிசோதனை முடிவு வரும்வரை நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. நல்லபடியாகத்தான் வந்தது. இப்போது அவள் கையுறையைக் கழற்றுவதில்லை.

சொல்வதை ஒருவரும் கேட்பதில்லையே என்று இத்தனை காலம் புலம்பிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு தெருவே கேட்டால் என்ன ஆகும் என்பது இப்போதுதான் தெரிந்தது.