எரிமலைக்கு முறைக்க வராது

கூண்டுக்குள் சண்டை போட்டுப் பிழைக்கும் அவனுக்கு ஏற்பாட்டாளர் வைத்த பெயர் எரிமலை. வீட்டில் மனைவியிடம் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடக் குரல் உயர்த்திக் கேட்கத் தெரியாதவன். குத்து, உதை, கழுத்துப்பிடி எல்லாம் அத்துப்படி. முறைக்க மட்டும் வராது. போட்டிக்கு முந்தைய நாள் இருவரும் மூக்கோடு மூக்கு நின்று முறைக்கும் படம்தான் டிக்கெட்டை விற்கிறது. போன தடவை எதிராளியிடம் இவன், "காது வலி பரவாயில்லையா?" என்று விசாரித்துவிட்டான்.

"இந்தத் தடவையும் பல்லைக் காட்டினா, இதுதான் உன் கடைசிச் சண்டை," என்றார் ஏற்பாட்டாளர்.

இம்முறை எதிராளி பக்கத்து வீட்டு நண்பன். எடை பார்த்து முடித்துக் கேமராக்கள் முன் நின்றதும் எரிமலைக்குச் சிரிப்பு முட்டியது.

"முறைடா மாப்ள, பொழப்பே போயிடும்," என்று கிசுகிசுத்தான் நண்பன்.

"வரலையே மச்சான்."

"அப்ப ஒரு உண்மையைச் சொல்றேன். எடை குறைக்க நீ ஒரு மாசமா வெள்ளரிக்காயைக் கடிச்சிட்டு இருந்தியே, உன் பங்குச் சாப்பாட்டைத் தின்னது நான்தான். வீணாப் போகுதேன்னு தங்கச்சிதான் கூப்பிட்டுப் போட்டுச்சு."

எவ்வளவு தின்றாலும் சதை போடாத நண்பனின் வயிற்றை எரிமலை உற்றுப் பார்த்தான். "மீன் வறுத்த அன்னிக்குமா?"

"அன்னிக்கு ரெண்டு தடவை."

பாய்ந்த எரிமலையை இழுத்துப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. மாலைக்குள் டிக்கெட் தீர்ந்தது. "என்னமா நடிக்கிறான்!" என்று பூரித்த ஏற்பாட்டாளர் புது ஒப்பந்தத்தை நீட்டினார்.

மறுநாள் நண்பன் முதல் சுற்றிலேயே தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டான். கழுத்திலிருந்து கையை எடுக்கத்தான் எரிமலைக்கு மனம் வரவில்லை.