முந்நூற்றுப் பன்னிரண்டு காலடி

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பியபோது ஆன்சரிங் மெஷினில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. பிக்கரிங்கிலிருந்து சூசைப்பிள்ளை அண்ணையின் மகள் பேசியிருந்தார். "அங்கிள், அப்பா இண்டைக்குக் காலமை போயிட்டார். நித்திரையிலதான்." அதை மூன்று முறை போட்டுக் கேட்டேன். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது ஆறுதல். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஞாயிறு பூசையில் அவருடன் பாடியவர்களுக்கு அவருடைய குரல் தெரியும். இந்தச் சம்பவம் தெரியாது. அவர் யாருக்கும் சொல்லவில்லை. நான் சொல்வது சரியா என்பதில் எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில் மீன்பிடி, வேட்டைச் சாமான்கள் விற்கும் கடையொன்றில் நாங்கள் ஐந்து வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அவர் துவக்கு, றைபிள் விற்கும் பகுதியில் விற்பனையாளர். நான் பின்னால் சிறிய மேசையில் இருந்து, வாங்க வருபவர்களின் அனுமதி அட்டைகளைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதுபவன். ஊரில் முப்பத்தொரு வருடம் நில அளவைத் திணைக்களத்தில் இருந்ததால் என்னை அவர் "சேவேயர்" என்றுதான் கூப்பிடுவார். அவர் மன்னார்க் காட்டோரம் வயல் கமம் செய்தவர். பன்றி வேட்டை தெரிந்தவர். முதலாளி அவரை முதலில் தூண்டில் பகுதியில் வைத்திருந்தார். ஒருநாள் யாரோ தோளில் வைத்துப் பார்த்த றைபிளை எட்ட நின்று கவனித்து, அது அந்த ஆளின் கைக்கு நீளம் என்று அண்ணை சொன்னார். அளந்தபோது அது உண்மையாக இருந்தது. அடுத்த கிழமை அவரை இந்தப் பக்கம் மாற்றினார்கள்.

போல்ட் அக்ஷன் றைபிளில் ஒவ்வொரு வெடிக்கும் கையால் பூட்டை இழுத்துத் தள்ளவேண்டும். மெதுவானது, தூரத்துக்கு நம்பகமானது. அதை வாங்க வருபவர்கள் பெரிய தோட்டா, பெரிய தொலைநோக்கி என்று தொடங்குவார்கள். அண்ணை எதையும் எடுத்துக் கொடுக்க முன்னர் மூன்று கேள்வி கேட்பார்: என்ன மிருகம், எவ்வளவு தூரம், எவ்வளவு நடை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு றைபிளைத் தோளில் வைக்கச் சொல்வார். கண்ணைத் திறந்தால் தொலைநோக்கிக்குள் முழு வட்டமும் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அடுத்ததை எடுப்பார். மூஸ் என்கிற பெரிய மானைச் சுடவென்று கடையிலேயே பெரிய தோட்டாவைக் கேட்ட ஒரு லொறிச் சாரதிக்கு இரண்டு படி சின்னதைக் கொடுத்தனுப்பினார். "துவக்கின்ரை உதைக்குப் பயந்தவன் கண்ணை மூடிக்கொண்டுதான் இழுப்பான், சேவேயர். பெரிசு வைச்சிருந்து என்ன பிரயோசனம்?" அந்தச் சாரதி அடுத்த மாதம் இறைச்சிப் பொதியுடன் வந்தார். தமிழில் நன்றி சொல்வது எப்படி என்று என்னிடம் கேட்டுப் பாடமாக்கிப் போய், அண்ணையிடம் கடைமுழுக்கக் கேட்கக் கத்தினார். "உவருக்குப் பேச்சிலயும் உதை கூட" என்றார் அண்ணை.

போன வருடம் ஒக்ரோபரில் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். மழைக்கோட்டு, நன்றாகச் சவரம் செய்த முகம், மெல்லிய குரல். அட்டை சரியாக இருந்தது. நான் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டேன். மான் வேட்டைக்கு என்றார். எவ்வளவு தூரம் என்று அண்ணை கேட்டதற்கு, முந்நூற்றுப் பன்னிரண்டு காலடி என்று பதில் வந்தது.

இங்கேதான் நான் என் பிழையைச் செய்தேன். மற்றவர்கள் கஜக் கணக்கில், இருநூறு யார் வரும், முந்நூறு வரும் என்று கையை விசுக்குவார்கள். அதுவரை எண்ணிச் சொன்ன முதல் ஆள் இவர். எனக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது. வாடிக்கையாளருடன் பேசக் கூச்சப்படும் நான் அன்று எழுந்து போய், அவரைக் கதவுவரை நடக்கச் சொல்லி, காலடி ஒன்று முப்பது அங்குலம் என்று கண்டேன். இருநூற்று அறுபது யார் எனக் கணக்குப் போட்டு ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அண்ணை கையிலிருந்த றைபிளைத் திரும்ப மாட்டினார். இன்று உங்களுக்கு விற்கமுடியாது என்று தன் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த மனிதர் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் இருவரின் சட்டையிலும் குத்தியிருந்த பெயர்களை நிதானமாக வாசித்துவிட்டுப் போனார்.

"கார்ட் சரியாத்தானே அண்ணை இருக்கு?"

"கார்ட் சரி. நாலு துவக்கு எடுத்துக் காட்டினன். ஒண்டின்ரை பாரமும் கேக்கேல்லை. உவர் நடக்கப்போறேல்லை." கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தார். "மான் எந்த இடத்தில வந்து நிக்கும் எண்டு ஆரும் காலால அளந்து வைக்கிறேல்லை, சேவேயர்."

அன்றே பொலிசுக்குப் போவோம், கணக்குப் போட்டவர் நீங்கள், வாருங்கள் என்றார். என் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. பொலிசில் பெயர் பதிந்தால் என்ன ஆகுமோ என்று பயந்தேன். நாளைக்குப் பார்ப்போம் என்றேன். அவர் தனியாகப் போனார். மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்களாம். நடந்து தூரம் அளப்பது குற்றமல்ல என்றார்களாம். சரியான பேப்பருடன் வருபவரைத் திருப்பியனுப்பினால் முறைப்பாடு வரும் என்று முதலாளியும் ஏசினார். இப்படியே ஒன்பது நாள் போனது. அந்த ஒன்பது நாளும் என்னுடையவை.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் அண்ணை என் அப்பார்ட்மென்டுக்கு வந்தார். "விலாசம் உங்கடை பதிவுக் கொப்பியில இருக்கு. அவர் எண்ணினதை நாங்களும் எண்ணிப் பாப்பம்." எண்ணுவதற்கு வரமாட்டேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அந்த விலாசம் லோறன்ஸ் வீதியில் ஒரு உயரமான கட்டடம்; பன்னிரண்டாம் மாடி. பல்கனிக்கு நேர் கீழே தொடங்கினேன். தெற்கே எண்ணினால் வாகனத் தரிப்பிடம். கிழக்கே ஒரு மதில். மேற்கே சின்ன வீதியொன்று நேராக ஓடியது. முந்நூற்றுப் பன்னிரண்டாவது காலடி ஒரு செங்கல் வீட்டின் வாசற்படியில் முடிந்தது. கதவில் பூட்டு புதிது; பழையதைக் கழற்றிய இடத்தில் மரம் வெள்ளையாகத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். இலை கொட்டிய மரங்களுக்கு மேலே அந்தப் பல்கனி தெளிவாகத் தெரிந்தது.

"இறங்கி அங்கால போங்கோ, சேவேயர்" என்றார் அண்ணை மெதுவாக. "உது நிக்கிற இடமில்லை."

நான் போனேன். பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் அந்தப் படியிலேயே, பல்கனிக்கு முதுகு காட்டி நின்று கதவைத் தட்டினார். சங்கிலி போட்டபடி ஒரு பெண் கதவைக் கொஞ்சம் திறந்தார். அண்ணை அந்த மனிதரின் பெயரை மட்டும் சொன்னார். அந்தப் பெண் பிரிந்து வந்த கணவர் அவர் என்று பிறகு அறிந்தோம். அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. கோட்டையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு பின்கதவால் எங்களுடன் வந்தார். அந்தப் பெண் உள்ளே போய்ப் பின்கதவுக்கு வரும்வரை அண்ணை முன்படியை விட்டு இறங்கவில்லை. எவ்வளவு நேரம் என்று நான் அளக்கவில்லை.

அன்று பொலிசில் நானும் பேசினேன். அவர்கள் நீதிமன்ற உத்தரவு வாங்கிப் பன்னிரண்டாம் மாடியைத் திறந்தபோது ஆள் இல்லை. பல்கனிக் கதவுக்கு முன்னால் ஒரு மேசையும் கதிரையும் மட்டும் இருந்தனவாம். மேசையில் ஒரு கடதாசித் துண்டு. அதை ஒரு அதிகாரி பிளாஸ்ரிக் பையில் கொண்டுவந்து, இது உங்கள் எழுத்தா என்று கேட்டார். ஓம் என்றேன். வேறொரு கடையில் அந்த மனிதர் றைபிள் வாங்கியது முந்திய நாள், சனிக்கிழமை. அதுவும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணை வேறு நகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் நான் சட்டையிலிருந்த பெயரைக் கழற்றினேன். அண்ணை கழற்றவில்லை. தூண்டில் பகுதிக்கு மாறச் சொன்னபோதும் மாட்டேன் என்றார். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்தி ஒருதரம் பார்ப்பார்; பிறகு வாடிக்கையாளரிடம் அதே மூன்று கேள்விகளையும் கேட்பார். ஒரு வருடத்துக்கு மேல் அப்படி நின்றார். இப்போது உங்களுக்குத் தெரியும், நித்திரையில்தான் போனார் என்று கேட்டதும் எனக்கு ஏன் ஆறுதல் வந்தது என்று.

அவருடைய துணிவு எனக்கு வரவில்லை. வந்ததாகச் சொன்னால் பொய். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, ஒரு கணக்கைச் செய்ய முன்னர் எதற்கு என்று கேட்கும் பழக்கம். ஊரில், சண்டைக் காலத்தில், எங்கள் திணைக்களக் கந்தோருக்கு வந்து, இந்தச் சந்தியிலிருந்து அந்தப் பாலம் எவ்வளவு, அந்த மதிலிலிருந்து வீதி எவ்வளவு என்று வரைபடத்தில் அளந்து தரச் சொன்னவர்கள் பலர். எல்லோருக்கும் நேர்த்தியாக எழுதிக் கொடுத்தேன். ஒருவரையும் கேட்கவில்லை. இந்தக் கிழமை முழுவதும் அவர்களுடைய முகங்களை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். தூரங்கள் மட்டும் வருகின்றன.