சுவர் கொள்ளாத கொக்குகள்

சுவரில் வெற்றிடம் விடுவது பெயிண்டருக்குப் பிடிக்காது. அதனால் ஏரி அலுவலகச் சுவரில் கொக்குக் கணக்கை வருடத்துக்கு ஒரு கோடாக வரைந்தபோது, தரையையே நாற்பது என்று வைத்துக்கொண்டார். இந்த வருடத்து அறுபது கொக்கின் கோடு கூரையை முட்டியது.

"அதான் பெருகிடுச்சே, இனி ஏரியில சுற்றுலாப் படகு விடலாம்," என்றார் அதிகாரி.

அங்கே கொக்கு எண்ணும் வேலை பெயிண்டரின் மனைவிக்கு. அவள் புருஷனிடம் திரும்பினாள். படகு வந்தால் ஒரு கூடும் தங்காது.

"தரைய சைபர்னு வைங்க. உங்கப்பா காலத்து ஆயிரம் கொக்கையும் சேத்துப் போடுங்க."

"என் முதுகு உனக்கு இளப்பமா போச்சு," என்று முனகிக்கொண்டே அவர் ஏணி ஏறினார்.

அந்த ஆயிரம் கூரையைத் தொட்டது. இன்றைய அறுபது, கீழே நின்ற அதிகாரியின் முழங்காலைக்கூட எட்டவில்லை.

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். "இவ்வளவுமா இங்க பறந்துச்சு?"

படகுப் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவேயில்லை. பெயிண்டர் ஏணியிலேயே நின்று, தலைக்கு மேலே தான் இழுத்த கோட்டை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.