மிஞ்ச வேண்டிய இரண்டு மணித்தியாலம்

வட்டக்கச்சிக்கு உள்ளே ஒரு பெண் கொம்பியூட்டரால் வாய்க்கால் தண்ணீரைக் களவெடுத்துத் தகப்பனுடைய வயலுக்கு விடுகிறாள் என்று கிளிநொச்சிச் சந்தையில் ஒரு கதை அடிபட்டது. மரக்கறிக்காரர் சொன்னார். சலூன்காரர் சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபரும் சொன்னார். எப்படிக் களவெடுக்கிறாள் என்று கேட்டதற்கு அதிபர் மட்டும்தான் விளக்கம் தந்தார்: "இப்ப எல்லாம் ஒன்லைன் தானே தம்பி." முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர். அவரிடம் படித்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

தண்ணீர் களவு போனது ஒரு கமக்காரர் அமைப்பில். அதன் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் தலைவர் கனகலிங்கம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார். நல்லதாக எழுதினதா கெட்டதாக எழுதினதா என்று அவர் பார்ப்பதில்லை. பெயர் வந்தால் போதும்.

அமைப்பின் கீழே ஒரு கிளை வாய்க்கால், அறுபத்துநான்கு வயல் துண்டுகள். மழை குறைந்த சிறுபோகத்தில் துண்டுக்கு இரண்டு மணித்தியாலம் முறைத் தண்ணீர். வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் பழைய குடிகள். வாலில், எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டில் அடிவாங்கி வந்து சேர்ந்தவர்கள். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, தானாக அமைந்தது என்று தலைப்பில் இருப்பவர்கள் சொல்வார்கள். கடைசித் துண்டு, அறுபத்துநான்கு, மாயாண்டியுடையது. இரண்டு மணித்தியாலத்தில் ஒன்றே கால் மணித்தியாலம் வாய்க்காலை நனைக்கவே போய்விடும். மீதியைத்தான் மாயாண்டி தண்ணீர் என்று சொல்லி வாழ்ந்து வந்தார்.

அவருடைய மகள் சிவலட்சுமிதான் அமைப்பின் எழுதுவினைஞர். களவெடுத்ததாகச் சொல்லப்பட்டவளும் அவளே.

வயது முப்பத்தாறு. இருபது வயதில், போர் முடிந்து வவுனியா அகதி முகாமில் இருந்தபோது, கையெழுத்து நன்றாக இருந்த குற்றத்துக்காக, தன் வரிசைக் கூடாரங்கள் முழுவதற்கும் படிவம் நிரப்பிக் கொடுத்தாள். அட்டை இல்லாத ஆளுக்கு அரிசி இல்லை என்று அங்கே படித்தாள். பிறகு மூன்று வருடம் ஆடைத் தொழிற்சாலையில் கொலர் தைத்தாள். அங்கே ஒரு மேற்பார்வையாளர் பெண்கள் கழிவறைக்குப் போய் வரும் நிமிடங்களைக் கொப்பியில் எழுதுவார். சிவலட்சுமி அவர் தேத்தண்ணி குடிக்கும் நிமிடங்களை எழுதத் தொடங்கினாள். வேலை போயிற்று. ஆறு மாதம் கொம்பியூட்டர் படித்தாள். அமைப்புக்கு, குறைந்த படிக்கு நிறைய எழுதும் ஆள் ஒன்று தேவைப்பட்டது.

அவள் வந்தபோது முறைப் பட்டியல் ஒரு பால்மாப் பேணிக்குள் இருந்தது. துண்டுக்கு ஒரு மட்டை அட்டை, அறுபத்துநான்கு அட்டை. கோயில் திருவிழாவுக்கு மெல்பேர்னிலிருந்து வந்த ஒரு பொறியியலாளர் அந்தப் பேணியைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. இளமையில் அவர் விளையாடிய ஒரு மென்பொருள் இருந்ததாம். திரையில் அட்டை அட்டையாகச் செய்து, பொத்தான் வைத்து, பொத்தானுக்குப் பின்னால் கட்டளை எழுதலாமாம். ஒன்பது நாளில் பேணியைக் கொம்பியூட்டருக்குள் ஏற்றினார். நாடா வெட்டினார்கள். பத்தாம் நாள் பறந்துவிட்டார். அட்டைகளை விட்டுப்போனார், பொத்தான்களை விட்டுப்போனார். விளக்கத்தை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்.

முதல் பட்டியலிலேயே ஒன்றாம் துண்டுக்குப் பிறகு பத்தாம் துண்டு வந்தது, பிறகு பதினொன்று. இரண்டாம் துண்டு இருபதுக்குப் பக்கத்தில் கிடந்தது. இலக்கத்தை அந்த மென்பொருள் எழுத்தாக எண்ணி வரிசைப்படுத்தியிருந்தது. பத்தாம் துண்டுக்காரர் இதில் ஒரு பிழையும் காணவில்லை. அடுத்தது தொலைபேசி. சந்தியில் போன் கடை வைத்திருக்கும் ஹமீட் நானாவுக்கு முப்பத்தோராம் துண்டு. அவருடைய நம்பரை அவருடைய அட்டையில் அடித்தாள். அந்தக் கட்டம் எல்லா அட்டைக்கும் பொதுவானது என்று மெல்பேர்ன்காரர் சொல்லியிருக்கவில்லை. அறுபத்துநான்கு பேருக்கும் நானாவின் நம்பரே விழுந்தது. மதகுத் துருசு திறக்கிறவர் பட்டியலைப் பார்த்து முறைக்காரரைக் கூப்பிடுவார். இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நானாவைக் கூப்பிட்டு, "அண்ணை, உங்கடை முறை" என்றார். ஒரே குரல் திரும்பத் திரும்பப் பேசுகிறதே என்று அவருக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் நானா நேரில் வந்தார்.

"புள்ள, முழு வாய்க்காலையும் என்ரை தலையிலை கட்டிட்டியளோ?"

மெல்பேர்னுக்கு எழுதிக் கேட்டாள். "ஓவ் பண்ணிப்போட்டு ஒருக்கால் ஓன் பண்ணும் பிள்ளை" என்று பதில் வந்தது. அதன் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் தானே பிழைகளை எழுதி, தானே திருத்தி, இரண்டு போகம் ஓட்டினாள். நன்றி சொன்னவர் எவரும் இல்லை. பட்டியல் சரியாக வந்தால் அது மெல்பேர்ன்காரரின் கெட்டித்தனம். பிழைத்தால் மாயாண்டி மகளின் வேலை.

இந்தச் சிறுபோகத்தில் அது பிழைத்தது. மூன்று பட்டியலிலும் கடைசி இரண்டு வரியும் மாயாண்டி, மாயாண்டி. தலைவர் கனகலிங்கம் அறிவித்தல் பலகையில் கடிதம் ஒட்டினார். "மிஞ்ச வேண்டிய இரண்டு மணித்தியாலத் தண்ணீர் மூன்று முறையும் 64ஆம் துண்டுக்குக் களவாக விடப்பட்டுள்ளது." சனிக்கிழமை பொதுக்கூட்டம். அதற்குள் சிவலட்சுமி பதில் சொல்லாவிட்டால் வேலை இல்லை, பொலிசில் முறைப்பாடு.

அமைப்பின் கட்டடத்துக்கு நான் போனது வியாழக்கிழமை.

"நீங்களும் களவு பாக்க வந்தனீங்களோ?" என்றாள்.

"ஓம்."

"இருங்கோ. அந்தக் கதிரைக்கு ஒரு கால் இல்லை, சரிஞ்சு இருக்க வேணும்."

சரிந்து இருந்து பார்த்தேன். தகப்பனின் அட்டையை இரண்டு தரம் அழித்துப் புதிதாக அடித்திருந்தாள்; பெயர் அப்படியே இரண்டு தரம் வந்தது. பட்டியல் செய்யும் பொத்தானின் கட்டளை ஒரு பிள்ளைக்கும் விளங்கக்கூடியது: ஒன்றிலிருந்து அறுபத்துநான்கு வரை எண்ணு, அந்த எண்ணாவது அட்டைக்குப் போ, பெயரை எடு, பட்டியலில் எழுது. அதன் நடுவில் சிவலட்சுமி ஒரு வரி செருகினாள்: இப்போது எத்தனையாவது அட்டையில் நிற்கிறாய் என்று சொல். பிறகு அழுத்தத் தொடங்கினாள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஓர் எண். நான் கொட்டாவி விட்டேன்.

"அறுவத்தொண்டு," என்று வாசித்தாள். "அறுவத்திரண்டு. அறுவத்திமூண்டு." அழுத்தினாள். "அறுவத்திமூண்டு."

மீண்டும் ஓடவிட்டாள். மீண்டும் அறுபத்துமூன்று இரண்டு தரம்.

"அறுவத்திநாலாவது அட்டை இல்லை," என்றாள். "இல்லாத அட்டைக்குப் போ எண்டு சொன்னால் இது போகாது. போகேல்லை எண்டும் சொல்லாது. நிண்ட இடத்திலையே நிண்டு, அதே பேரைத் திரும்ப எழுதிப்போட்டு, வேலை முடிஞ்சுது எண்டு இருக்கும்."

இப்படி வேலை செய்கிறவர்களை அரசாங்கக் கந்தோர்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓய்வூதியத்தோடு போவார்கள்.

அடுத்தது எளிது. வாராவாரம் ஒரு பிரதி எடுத்துப் பென் டிரைவில் வைப்பது அவள் வழக்கம். பழைய பிரதியில் அட்டை அறுபத்துநான்கு. இப்போது அறுபத்துமூன்று. பட்டியலில் பதினாறுக்குப் பிறகு பதினெட்டு. பதினேழாம் துண்டு செந்தூரனுடையது. இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்துக்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. மனைவி கௌசலா கனகராயன்குளத்தில் தமையன் வீட்டில் இருக்கிறார். வயலைக் குத்தகைக்குக் கொடுத்து, அவர் பெயரிலேயே வரி கட்டி வருகிறார். இந்தப் போகம் குத்தகைக்கு ஆள் அகப்படவில்லை. வயல் தரிசாகக் கிடந்தது.

மூன்று பட்டியலும் அறிவித்தல் பலகையில் தொங்கியது. அறுபத்துமூன்று பேரும் வந்து வாசித்தார்கள். ஒவ்வொருவரும் தன் பெயரை வாசித்தார். பதினெட்டிலிருந்து எல்லோருக்கும் முறை இரண்டு மணித்தியாலம் முந்தியே வந்தது. முந்தி வந்த தண்ணீரை ஏன் என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. பதினேழைத் தேட ஆள் இல்லை.

மாயாண்டியைக் கேட்டேன். வரம்பில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய நெல் கதிர் விடப்போகிற குடலை தள்ளி நின்றது, இடுப்பளவு.

"ரண்டு தரம் பேர் வந்தது உங்களுக்குத் தெரியேல்லையோ?" என்றேன்.

"தெரிஞ்சுச்சுங்க. நாப்பது வருசமா வரவேண்டியது இப்பத்தான் வருது போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

சனிக்கிழமை கட்டடம் நிறைந்துவிட்டது. உரமானியக் கூட்டத்துக்குப் பதினைந்து பேர் வருகிற இடம். ஒரு பெண் அழுவதைப் பார்க்கலாம் என்றதும் ஐம்பது பேர் வந்திருந்தார்கள்.

"பிள்ளையை நான் கள்ளி எண்டு சொல்லேல்லை," என்று தலைவர் தொடங்கினார். "களவு நடந்திருக்கு. கொம்பியூட்டருக்கு முன்னாலை இருக்கிறது பிள்ளை. மிச்சத்தைச் சபை யோசிக்கட்டும்."

சிவலட்சுமி எழும்பினாள். "தலைவர், எங்கடை வாய்க்காலிலை எத்தினை துண்டு?"

"அறுவத்திநாலு."

"துண்டுக்கு எவ்வளவு?"

"ரண்டு மணித்தியாலம். இதென்ன, எனக்குச் சோதினையோ?"

"அப்ப நூற்றி இருவத்தெட்டு மணித்தியாலமும் எல்லாருக்கும் சரியாப் போயிடும். மிஞ்சாது. நீங்கள் மிஞ்ச வேண்டிய ரண்டு மணித்தியாலம் எண்டு கடிதம் ஒட்டியிருக்கிறியள். அது எங்கையிருந்து மிஞ்சும்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தலைவர், அந்தக் கணக்கை எனக்கும் ஒருக்காச் சொல்லித் தாங்கோ," என்றார் ஹமீட் நானா. "என்ரை கடையிலை ஒரு நாளும் ஒண்டும் மிஞ்சுதில்லை."

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. சிவலட்சுமி திரையைச் சபைப் பக்கம் திருப்பினாள். பழைய பிரதியைக் காட்டினாள், புதியதைக் காட்டினாள், பதினேழு இல்லாததைக் காட்டினாள். அமைப்பின் விதி எல்லோருக்கும் தெரியும்: முறை முடிந்து மிஞ்சுகிற தண்ணீர் தலைவரின் தீர்மானம். தலைவருக்கு வாய்க்கால் கரையில், பட்டியலில் சேராத ஒரு வாழைத் தோட்டம் இருப்பதும் எல்லோருக்கும் தெரியும். ஒரு துண்டைத் தூக்கினால் இரண்டு மணித்தியாலம் மிஞ்சும் என்று நினைத்த ஆள், துண்டு குறைந்ததும் மென்பொருள் கடைசி ஆளின் பெயரை இரண்டு தரம் எழுதும் என்று நினைக்கவில்லை. களவெடுக்க வைத்திருந்த தண்ணீர் மாயாண்டிக்குப் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"அட்டை தானா அழிஞ்சிருக்கும்," என்றார் தலைவர். "இஞ்சை கரண்ட் வந்து வந்து போறதுதானே."

"கரண்ட் நம்பர் பாத்து அழிக்குமோ அண்ணை?" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"அட்டை காணாமல் போன வாரம், அப்பாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போன செவ்வாய்க்கிழமை நான் லீவு," என்றாள் சிவலட்சுமி. "இந்தக் கதவுக்குத் திறப்பு ரண்டுதான் இருக்கு." தன்னுடைய சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு இருந்தாள்.

இனி என்ன நடந்திருக்கும் என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். எங்களூர்க்காரருக்கு எழுதத் தேவையில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், கூட்ட அறிக்கையில் உள்ளபடியே. ஒன்று: மின்தடையால் ஓர் அட்டை அழிந்துள்ளது. இரண்டு: பிழையைக் கண்டுபிடித்துச் சபைக்குக் கொண்டுவந்த தலைவருக்கு நன்றி. மூன்று: எழுதுவினைஞர் தொடர்ந்து கடமையாற்றலாம். நான்கு: அறுபத்துநான்காம் துண்டுக்காரர் தமக்கு உரித்தற்ற ஆறு மணித்தியாலத் தண்ணீரைப் பதினேழாம் துண்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐம்பது கையும் உயர்ந்தது. கள்ளனைப் பிடிக்கத் துணிவில்லாத சபைக்குக் கடனாளியைப் பிடிக்க ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. அவரும் வால்பக்கத்து ஆள், வசதி.

"குடுத்துர்றேங்க," என்றார் மாயாண்டி. "யாருகிட்ட குடுக்கிறது?"

அதற்குள் தேத்தண்ணியும் வடையும் வந்துவிட்டன.

சிவலட்சுமி பழைய பிரதியிலிருந்து பதினேழாம் அட்டையை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். அறுபத்துநான்கு என்று எழுதியிருந்த இடத்தில், எத்தனை அட்டை உண்டோ அத்தனை என்று மாற்றினாள். ஓர் அட்டை குறைந்தால் வேலையை நிறுத்திச் சத்தம் போடச் சொன்னாள். சத்தம் கொஞ்சம் கூட என்று தலைவர் முறையிட்டிருக்கிறார். அவர் இன்னும் தலைவர்தான்.

அன்று பின்னேரமே கௌசலாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னாள்.

"அவற்ரை அட்டை திரும்ப ஏறிட்டுதோ?" என்று கேட்டார் கௌசலா.

"ஏறிட்டுது அக்கா. அந்த ஆறு மணித்தியாலம்... அப்பாவுக்கு விட்டுக் குடுப்பியளோ?"

"என்ரை எண்டால் இப்பவே விட்டிடுவன் பிள்ளை. அது அவற்ரை தண்ணி. அவர் வந்து வாங்கட்டும்."

மாயாண்டி அறுவடை முடித்தார். இத்தனை வருடத்தில் அந்தத் துண்டு தராத விளைச்சல். காலபோகமும் விதைத்தாயிற்று, மழை பெய்கிறது, முறைத் தண்ணீருக்கு வேலை இல்லை. பதினேழாம் துண்டு தண்ணீர் நிறைந்து, விதையாமல் கிடக்கிறது. கடனை மழைத் தண்ணீரில் கழிக்கலாமா என்று மாயாண்டி அமைப்புக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார், எழுதியது மகள். மூன்று கூட்டம் போய்விட்டது. பதில் இல்லை.